வேட்டைக்கு ஒரு வரிசை

என் தம்பி மகன் முன்பு ஒரகடத்தில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். இப்போது அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரில் இருக்கிறான். சமீபத்தில் பேசும்போது, "பெரியப்பா, என்கூட வேலை செய்யறவர் ஏழு வருஷமா மான் சுடறதுக்குப் பணம் கட்டிக்கிட்டு வரார். இன்னும் ஒரு மான்கூடச் சுடல" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. முழுதாகக் கேட்டபின், இது நம் ஊர்ச் சரித்திரத்தோடும் தொடர்புள்ள விஷயம் என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மனிதர் சுட விரும்புவது எல்க் என்னும் பெரிய மான். நம் கடமானுக்கு அண்ணன் மாதிரி. பக்கத்து மாநிலமான வயோமிங்கில் அது நிறைய உண்டு. ஆனால் இவர் அந்த மாநிலத்துக்காரர் இல்லை. வயோமிங் வாசிக்கு எல்க் சுட உரிமக் கட்டணம் 57 டாலர். வெளிமாநிலத்தாருக்கு 692 டாலர், அதாவது பன்னிரண்டு மடங்கு. அதைக் கட்டத் தயாராக இருந்தாலும் உடனே கிடைக்காது. விண்ணப்பம் போட்டுக் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கான 15 டாலர் திரும்பி வராது. கிடைக்காத வருஷத்தில் 52 டாலர் கட்டினால் ஒரு 'முன்னுரிமைப் புள்ளி' சேரும். வெளிமாநிலத்தாருக்கான உரிமங்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து, புள்ளி அதிகம் சேர்த்தவர்களுக்கே போகும். மிச்சம்தான் வெறும் அதிர்ஷ்டக் குலுக்கல்.

நம் வயதுக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோமே, அதே கதைதான். டெலிபோனுக்கு 'ஓ.ஒய்.டி.' என்று ஒரு பிரிவு இருந்தது நினைவிருக்கும். கூடுதலாக டெபாசிட் கட்டினால் வரிசையில் முன்னால் போகலாம். வயோமிங்கிலும் அப்படி ஒன்று உண்டு. வெளிமாநிலத்தாருக்கான உரிமங்களில் நூற்றுக்கு நாற்பதை 'சிறப்பு' உரிமம் என்று தனியாக வைத்து அதிக விலைக்குக் கொடுக்கிறார்கள். அதிகம் கட்டுகிறவர் குறைவு, அதனால் கிடைக்கும் வாய்ப்பு கூடும். அந்தச் சிறப்பு உரிமம் எல்க்குக்கு 1,268 டாலராக இருந்து, 2024-இல் 1,950 டாலர் ஆகிவிட்டது. நடுத்தரச் சம்பளக்காரர்கள் அங்கே புலம்புவதில் ஆச்சரியமில்லை.

உள்ளூர்க்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மான் மேய்வது அவர் நிலத்தில், வேலி உடைவது அவருக்கு, வரி கட்டுவதும் அவர். வனவிலங்குத் துறையின் உரிம வருமானத்தில் பெரும்பகுதி வெளியூர்க்காரர் பணம் என்பதும் உண்மை. இந்தச் சண்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மோன்டானா மாநிலத்தில் 1976-இல் உள்ளூர்க்காரர் 30 டாலருக்கு வாங்கிய கூட்டு உரிமத்துக்கு வெளியூர்க்காரரிடம் 225 டாலர் வாங்கினார்கள். 1978-இல் தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகள் மாநிலத்தின் பக்கம், மூவர் எதிர்ப்பக்கம். பெரும்பான்மை சொன்ன காரணம்தான் முக்கியம்: வெளியூர்க்காரருக்கு எல்க் வேட்டை பொழுதுபோக்கு, பிழைப்பு அல்ல. பொழுதுபோக்குக்கு விலை கூட்டி வைக்கலாம்.

பொழுதுபோக்கா, பிழைப்பா? இந்தக் கேள்வியை நம் நாட்டுச் சட்டங்கள் கேட்டனவா என்று பார்ப்போம்.

நம் மாகாணத்தில் வேட்டைக்கு ஒழுங்காக உரிமம் வந்தது நீலகிரியில். 1877-இல் அங்கே வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் சேர்ந்து வேட்டை விலங்குச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். இரண்டு வருஷத்தில், 1879-இல், நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தைச் சென்னை அரசாங்கம் கொண்டு வந்தது. காட்டெருது, கடமான், வரையாடு, முயல், காட்டுக்கோழி, மயில் எல்லாம் அதில் அடங்கும். குட்டி போடும் பருவத்தில் சுடக்கூடாது. வரையாட்டில் முதுகு வெளுத்த கிழட்டுக் கிடாவை மட்டுமே சுடலாம். சங்கம் காவலர்களையும் வைத்தது. நீலகிரி மேட்டில் வரையாடு அடியோடு அழியாமல் தப்பியதற்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். கடல் கடந்து வந்த துரை அங்கே 'உரிமம் பெற்ற வேட்டைக்காரர்' ஆனார். தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் இருந்த குறும்பரும் இருளரும் கண்ணி வைத்தால் 'கள்ள வேட்டைக்காரர்' ஆனார்கள். வயோமிங்கில் வெளியூர்க்காரருக்கு விலை அதிகம். நீலகிரியில் வெளியூர்க்காரரே உள்ளூர்க்காரராகி, உள்ளூர்க்காரரை வெளியே நிறுத்திவிட்டார்.

சுதந்திரத்துக்குப் பிறகும் வழக்கம் உடனே மாறவில்லை. வனத்துறை காட்டைப் 'பிளாக்' பிளாக்காகப் பிரித்து, முன்கூட்டி விண்ணப்பித்தவர்களுக்குக் குறிப்பிட்ட நாட்களுக்குக் கொடுத்தது. டாலர் வரும் என்பதால் வெளிநாட்டு வேட்டைக்காரர்களை அழைத்து வரும் ஷிகார் கம்பெனிகளும் வட இந்தியாவில் நடந்தன. 1970-இல் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 1972 கணக்கெடுப்பில் நாடு முழுக்கப் புலிகள் சுமார் 1,800 மட்டுமே என்று தெரிந்தது. அதே வருஷம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

பலருக்குத் தெரியாத ஒரு செய்தி: 1972 சட்டம் வேட்டையை முழுக்க நிறுத்தவில்லை. அதன் 9-ஆம் பிரிவில் நான்கு விதமான உரிமங்கள் இருந்தன. சிறப்பு வேட்டை, பெரு விலங்கு வேட்டை, சிறு விலங்கு வேட்டை, பொறி வைத்துப் பிடித்தல். உரிமம் வாங்கியவர் என்ன சுட்டார் என்று பதிவு வைக்க வேண்டும். 1991-இல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் இந்த உரிமங்கள் எல்லாம் போயின. நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டையின் வரிசை அன்றோடு கலைந்தது. அது நல்ல முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் பிழைப்பு?

நான் வருவாய்த் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்த காலத்தில், துப்பாக்கி உரிமக் கோப்புகள் என் மேஜை வழியாகப் போகும். பெரும்பாலும் 'பயிர்ப் பாதுகாப்பு' என்ற காரணத்துக்காக வாங்கிய ஒற்றைக் குழாய் நாட்டுத் துப்பாக்கிகள். உரிமம் வைத்திருந்தவர்கள் நிலம் உள்ளவர்கள். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார்கள். துப்பாக்கியையே நம்பி வாழ்ந்த நரிக்குறவர் கதை வேறு. சுங்குவார்சத்திரம், வாலாஜாபாத் பக்கம் சந்தை நாளில் கவுதாரி, காடை, கொக்கு கட்டி எடுத்து வருவார்கள். நம்மில் பல பேர் வீட்டில் அது குழம்பானது. வாங்கியவர் மேல் யாரும் வழக்குப் போடவில்லை. 1972-க்குப் பிறகு விற்றவர் மட்டும் பயந்து பயந்து விற்றார். பிறகு ஊசிமணி, பாசிமணிதான் மிஞ்சியது. அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தது 2023-இல், ஐம்பது வருஷம் கழித்து.

இருளருக்குக் கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. பாம்புத்தோல் ஏற்றுமதி 1976-இல் நின்றபோது அவர்கள் வருமானமும் நின்றது. 1978-இல், ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை ஆண்டுதோறும் அனுமதி தருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, மறுபடி விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தில்தான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. என் கணக்கில் நம் நாட்டில் இருக்கும் மிக நியாயமான வேட்டை உரிமம் இதுதான். கொல்லவும் வேண்டாம், பிழைப்பும் போகாது.

உள்ளூர்க்காரர் உரிமைக்கு நம் ஜில்லாவில் இன்னும் பழைய சாட்சி வேடந்தாங்கல். ஒரகடத்திலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரப் பயணம். ஏரியில் தங்கிய பறவைகளைக் கம்பெனிச் சிப்பாய்கள் சுட்டபோது ஊர் மக்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 1798-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ், அந்த ஏரியில் யாரும் சுடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். 1858-இல் ஊரார் மறுபடி கேட்டு அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். வெளியாருக்கு எவ்வளவு கட்டணம் என்று அவர்கள் பேரம் பேசவில்லை. எந்த விலைக்கும் இல்லை என்றார்கள். அதனால் பயனடைந்தது பறவை மட்டுமல்ல, ஊர் விளைச்சலும்தான்.

பாகிஸ்தானின் வடக்கு மலைகளில் வேறு வழி. மார்க்கோர் என்னும் முறுக்குக் கொம்பு மலையாட்டைச் சுட, வெளிநாட்டவருக்கு ஆண்டுக்குச் சில அனுமதிகளை ஏலம் விடுகிறார்கள். ஒன்று இரண்டு லட்சம் டாலரைத் தாண்டியும் போயிருக்கிறது. அதில் நூற்றுக்கு எண்பது பங்கு அந்தந்த ஊர் மக்களுக்கே. அதனால் ஊர்க்காரர்களே ஆட்டைக் காவல் காக்கிறார்கள். சுடுவது எனக்குப் பிடிக்காது, ஆனாலும் பணம் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதை அவர்கள் சரியாக யோசித்திருக்கிறார்கள்.

உள்ளூர், வெளியூர் வழக்கு நமக்கும் புதிதல்ல. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கிய நாள் முதல், நிலம் கொடுத்தவன் பிள்ளைக்கு வேலை உண்டா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அந்த ஊர்ப் பெயரிலேயே காடு இருக்கிறது, நிலத்தில்தான் இல்லை. அந்தக் காட்டை அறிந்தவர்களை யாரும் எந்த வரிசையிலும் நிற்கச் சொல்லவில்லை.

ஒரு நல்ல செய்தியோடு முடிக்கிறேன். 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, உள்ளூர்ப் பிராணிகளையெல்லாம் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பிடிக்க ஃபுளோரிடா பல்கலைக்கழகம் நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் இருவரைக் கூப்பிட்டது: மாசி சடையன், வடிவேல் கோபால். சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்காவில் வேட்டையாடப் போன வெளியூர்க்காரர்கள்தான் அவர்களும். புள்ளி சேர்க்கவில்லை, கட்டணம் கட்டவில்லை. அவர்களுக்குத்தான் கூலி கொடுத்தார்கள்.