பீங்கான் கிண்ணம் கூறும் வரலாறு

வேலந்தாவளம் என்னும் நம் எல்லையூரின் பெயரில், ஈற்றிலே நிற்கும் 'தாவளம்' என்ற சொல் பொருள் பொதிந்ததாகும். பழைய வணிகக் குழுவினரின் கல்வெட்டுகளில் அது வணிகர் கூடித் தங்கிப் பண்டம் விற்கும் இடத்தைக் குறிக்கும். மலையாளத்திலும் தங்குமிடம் என்பதே அதன் பொருள். பிழைப்பு நாடி வந்து தங்கிய நமக்கு இப்பெயர் பொருத்தமானதே. நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் வந்து தங்கிய ஒரு பொருளைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அண்மையில் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு வீட்டின் பரணில் பழைய பீங்கான் கிண்ணம் ஒன்றைக் கண்டோம். அதன் வெளிப்புறமெங்கும் இளஞ்சிவப்பு மலர்களும் பச்சை இலைகளும் படர்ந்திருந்தன. பாட்டனார் பினாங்கிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்தது என்றார் அவ்வீட்டு அம்மையார். "விளிம்பு உடைந்துவிட்டது, பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம் என்றிருக்கிறோம்" என்றும் சொன்னார். போடவேண்டா என்று தடுத்து, அதன் வரலாற்றை அவருக்குக் கூறினோம். அதனையே இம்மலரிலும் பதிவு செய்கின்றோம்.

சீனப் பீங்கான் தமிழகத்துக்குப் புதியதன்று. முதலாம் இராசராசன் அனுப்பிய தூதுக்குழு 1015-இல் சீனம் சேர்ந்தது. முதற் குலோத்துங்கன் காலத்தில், 1077-இல், 72 பேர் கொண்ட குழு அங்குச் சென்றது. சீனத் துறைமுகமாகிய குவான்சோவில் தமிழ் வணிகர் சிவன் கோயில் எடுத்ததற்குச் சான்றாக 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. அக்கப்பல்கள் மீண்டபோது பீங்கானும் வந்தது. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டிலும், இராமநாதபுரக் கரையில் உள்ள பெரியபட்டினத்திலும் சீன ஓடுகள் கிடைத்துள்ளன. கொல்லம் துறைமுகத்தில் 2014-இல் கடலடி மண்ணை வாரியபோது சீன நாணயங்களும் ஓடுகளும் வெளிப்பட்டன. கேரளத்து இல்லங்களில் ஊறுகாய் இடும் சாடியை இன்றும் 'சீனபரணி' என்றே அழைக்கின்றனர். நாம் வழங்கும் 'பீங்கான்' என்ற சொல்லோ பாரசீகத்தின் வழியே வந்தது என்பர். பொருள் ஒரு நாட்டினது. பெயர் மற்றொரு நாட்டினது. புழங்கும் கை நம்முடையது!

அந்நாளில் வந்தவை பெரும்பாலும் பச்சை மெருகும் வெள்ளை மெருகும் உடையவை. பின்னர் வெண்மையில் நீலம் தீட்டியவை வந்தன. கொச்சியிலுள்ள யூதர் கோயிலின் தளத்தில் பதித்த 18-ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகளும் இந்நீல வகையினவே. பல வண்ண எனாமல் தீட்டும் கலை சீனத்தில் முன்னரே இருந்ததாயினும், இளஞ்சிவப்பு வண்ணம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அங்குப் பரவியது. பொன்னின் நுண்துகளைச் சேர்த்து அவ்வண்ணத்தை ஆக்குவர். ஐரோப்பியரின் கண்ணாடி, எனாமல் தொழில்களோடு உறவுடைய இக்கலை பீகிங் அரண்மனைப் பட்டறைகளில் வளர்ந்தது. சீனர் அவ்வண்ணங்களுக்கு 'அயல்நாட்டு வண்ணம்' என்றும் பெயரிட்டனர். தம் புகழ்பெற்ற கலையிலும் அயலார் பங்கை மறைக்காத அப்பெருந்தன்மையை நாம் பாராட்ட வேண்டும்.

இதன் செய்முறையும் அரியது. ஜிங்டெசென் நகரில் வெண்களிமண்ணால் வனைந்த கிண்ணத்தை ஏறக்குறைய 1300 பாகை வெப்பத்தில் சுடுவர். பின்னர் மெருகின்மேல் எனாமல் தீட்டி, 700 முதல் 800 பாகை வரையுள்ள மென்சூட்டில் மறுபடியும் சுடுவர். சூடு மிகின் வண்ணம் கெடும், குறையின் ஒட்டாது. சியான்லோங் பேரரசர் காலத்தில் இவ்வாறு ஆக்கிய, இரு தகைவிலான் குருவிகளும் வில்லோ மரமும் தீட்டிய கிண்ணம் ஒன்று 2023-இல் ஹாங்காங்கில் ஏலத்துக்கு வந்தது. உள்ளங்கையில் அடங்கும் அக்கிண்ணம் 19 கோடியே 80 இலட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் விலை போயிற்று!

நம் வீட்டுக் கிண்ணம் அரண்மனைக் கிண்ணம் அன்று. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் வாழ்ந்த சீனக் குடும்பங்களுக்காக, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜிங்டெசெனில் செய்து அனுப்பிய 'நியோன்யா' வகையைச் சேர்ந்தது அது என்று கருதுகிறோம். அவர்களும் தாயகம் விட்டுக் குடிபெயர்ந்தோரே. திருமணத்துக்கும் திருநாளுக்கும் தம் மூதாதையர் மண்ணிலிருந்தே கிண்ணம் வரவழைத்தனர். அவர்கள் தெருவில் உழைத்த தமிழர் ஒருவர் அதனை வாங்கி நம் ஊர்வரை சுமந்து வந்தார்.

இத்தகைய கிண்ணம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். விரலால் தடவுங்கள், மேலே தீட்டிய எனாமல் சற்றே புடைத்திருக்கும். அடியிலுள்ள அரச முத்திரையை மட்டும் நம்பிவிடாதீர்கள். பிற்காலத்தார் முன்னோர் முத்திரையை மதிப்புக் கருதியும் பொறித்தனர்; ஏமாற்றவும் பொறித்தனர். சாம்பலும் புளியும் இட்டுத் தேய்த்தால் வண்ணம் உதிரும், மென்துணியே போதும். நூறாண்டு கடந்த பொருளாயின், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதனைத் தனியார் அயல்நாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இயலாது என்பதையும் நினைவிற் கொள்க.

இவை எல்லாவற்றினும் மேலாகச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. யார் கொண்டுவந்தார், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் என்று ஒரு தாளில் எழுதிக் கிண்ணத்தினுள் வையுங்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் பீங்கான்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். அவற்றுக்கு விலை உண்டு. கொண்டுவந்தவர் பெயர் இல்லை. பெயரிழந்த கிண்ணம் வெறும் சரக்காகிவிடுகிறது.

அம்மையார் இப்போது அக்கிண்ணத்தைக் கழுவித் துடைத்து வரவேற்பறையில் வைத்திருக்கிறார். பாட்டனாரின் பெயரை எழுதியவள் அவருடைய பேர்த்தி. மலையாளப் பள்ளியில் பயிலும் அச்சிறுமி அதனைத் தமிழில் எழுதினாள் என்பதே நம் சங்கத்துக்குப் பெருமகிழ்ச்சி.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!