இளம் உழவர்களின் வேளாண் தொழில்முனைவு (தமிழ்நாடு)

விளைந்ததை அப்படியே மண்டிக்கு ஏற்றிவிடாமல் பதப்படுத்தி, தரம் பிரித்து, சொந்தப் பெயரில் விற்பது வேளாண் தொழில்முனைவு எனப்படுகிறது. நாற்றங்கால், இயந்திர வாடகை, டிரோன் மூலம் மருந்து தெளித்தல் முதலிய சேவைகளும் இதில் அடங்கும்.

இளைஞர்களை இதற்குள் இழுப்பவற்றில் முதன்மையானது விலை. கமிஷன் மண்டியில் காய் யாருடையதோ, விலை சொல்பவர் வேறொருவர். அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களின் முருங்கை இதற்கு நல்ல சான்று. மழைக்காலத்தில் காய்ப்பு குறைந்து விலை ஏறும். வரத்து மிகுந்துவிட்டால் பறிகூலிக்கும் கட்டாமல் காயை மரத்திலேயே விட்டுவிடுவதுண்டு. முருங்கை இலைப்பொடியை உடனே விற்றாக வேண்டிய அவசரம் இல்லை. ஈரம் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் பக்குவம் தப்பக் கூடாது. இலையை உருவிக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். நேர்வெயிலில் காய்ந்தால் பச்சை நிறம் வெளுத்துப்போகும். வெளுத்த பொடிக்கு ஏற்றுமதியில் மதிப்பில்லை.

அடுத்தது நிலத்தின் அளவு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. பாகம் பிரிந்த பின் இது இன்னும் சுருங்கும். நிலத்தைப் பெருக்க வழியில்லாதவர் விளைச்சலின் மதிப்பைப் பெருக்கப் பார்க்கிறார்.

வெளிப்படையாகப் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு: விவசாயிக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் ஊரில், 'சொந்தமாக் கம்பெனி வச்சிருக்கார்' என்பதற்குத் தனி எடை இருக்கிறது. ஆய்வுகளின் வினாப்பட்டியல்களில் 'சமூக மதிப்பு' என்று அடங்கிவிடுவது பெரும்பாலும் இதுதான்.

அரசுத் திட்டங்களை மூலக் காரணமாகக் கொள்வது பொருந்தாது; ஏற்கெனவே துணிந்தவருக்கு அவை ஊன்றுகோல். வேளாண் பட்டதாரிகளுக்கான வேளாண் மருந்தகம், வேளாண் வணிக மையத் திட்டம் 2002இல் தொடங்கியது; 45 நாள் பயிற்சியும், திட்டச் செலவில் பொதுப் பிரிவினருக்கு 36 விழுக்காடும், பெண்கள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினருக்கு 44 விழுக்காடும் மானியம் தருகிறது. 2020இல் வந்த பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் தனிநபர் நிறுவனத்துக்கு 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 இலட்சம் ரூபாய்.

இரண்டு மானியங்களும் வங்கிக் கடனோடு பிணைந்தவை. வங்கி சொத்துப் பிணை கேட்டால் சிக்கல்தான். பட்டா பெரும்பாலும் தந்தை பெயரிலேயே இருக்கிறது. அவர் கையெழுத்திட மறுக்கும் வீடுகளில் முதல் அரவை இயந்திரம் நகைக்கடனில்தான் வருகிறது.