இரயில் விட்டுச்சென்ற சாலை: பெஹாலாவின் இரு வழிகள்

கொல்கத்தாவின் தென்மேற்கே பெஹாலாவில் இரண்டு நெடிய சாலைகள் ஏறத்தாழ இணையாகத் தெற்கு நோக்கிச் செல்கின்றன. ஒன்று டைமண்ட் ஹார்பர் சாலை; மற்றொன்று ஜேம்ஸ் லாங் சரணி. முன்னது துறைமுகத்தின் பிள்ளை. பின்னது ஓர் இரயில் பாதையின் எச்சம். ஒரு சாலையின் வடிவத்தை அதன் பொறியாளர் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

பெஹாலாவின் தொன்மை கல்கத்தா நகரத்தின் தொன்மைக்கும் முற்பட்டது. சுதாநுதி, கோவிந்தபூர், காலிகாதா ஆகிய மூன்று ஊர்களின் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1698-இல் 1,300 ரூபாய்க்குப் பெற்றது. அதைக் கொடுத்த சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தின் இருப்பிடம் இங்குள்ள பரிஷா. பின்னர் ஹூக்ளி ஆற்றின் மணல்திட்டுகளுக்கு அஞ்சிய பெருங்கப்பல்கள் டைமண்ட் ஹார்பரிலேயே நங்கூரமிட்டபோது, அத்துறைக்கும் தலைநகருக்கும் இடையே தரைவழித் தொடர்பு இன்றியமையாததாயிற்று. இந்தியாவின் முதல் தந்தித் தடங்களுள் ஒன்று 1851-இல் இவ்விரு இடங்களையே இணைத்தது.

1917-இல் மெக்லியாட் நிறுவனத்தாரின் காளிகாட் – ஃபல்தா இரயில்வே தொடங்கப்பட்டது. இரண்டரை அடி அகலமே கொண்ட அக்குறுகிய பாதை பெஹாலாவின் ஊடாக ஃபல்தாவை நோக்கிச் சென்றது. 1957-இல் அது மூடப்பட்டது. தண்டவாளம் அகன்றாலும் நிலப்பட்டை அறுபடவில்லை. நூறு வீட்டுமனைகளாகச் சிதறியிருக்க வேண்டிய அந்நிலம் ஒரே தொடர்ச்சியாக எஞ்சியதால்தான் நகரத்திற்கு இரண்டாவது சாலை ஒன்று கிடைத்தது. அதற்குச் சூட்டப்பட்ட பெயரும் பொருத்தமானது. தாகுர்புகுரில் பணியாற்றிய பாதிரியார் ஜேம்ஸ் லாங், அவுரி விவசாயிகளின் துயரைச் சொன்ன ‘நீல் தர்பண்’ நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக 1861-இல் சிறை சென்றவர்.

தொடர்ச்சியான நிலப்பட்டையின் மதிப்பை வேறொரு நாட்டினர் முன்கூட்டியே உணர்ந்திருந்தனர். நியூயார்க்கை ஒட்டிய பிராங்க்ஸ் ஆறு சாக்கடையாக மாறிய நிலையில், 1907-இல் அதற்கென ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. கரைநிலங்கள் வாங்கப்பட்டன, கட்டடங்கள் அகற்றப்பட்டன, மரங்கள் நடப்பட்டன, ஆற்றின் போக்கைப் பின்பற்றி வளைந்து செல்லும் சாலை 1925-இல் நிறைவுற்றது. ‘பார்க்வே’ எனப்படும் பூங்காச் சாலைகளுக்கு அது முன்மாதிரியானது. அதன் அழகுக்கு அடியில் இரண்டு கண்டிப்பான விதிகள் இருந்தன. சாலையின் இருமருங்கிலும் உள்ள நிலம் பொதுச்சொத்தாகவே இருக்க வேண்டும். சரக்கு லாரிகள் அதில் நுழையக் கூடாது.

இவற்றுள் முதல் விதியின் பயனைப் பெஹாலா ஒருமுறை தற்செயலாகப் பெற்றது. இரண்டாவது விதி டைமண்ட் ஹார்பர் சாலைக்கு ஒருபோதும் வாய்க்கவில்லை. அது தேசிய நெடுஞ்சாலை. முன்பு 117, இன்று 12 என்னும் எண்ணுடையது. அதே வேளையில் பள்ளிகளும் சந்தைகளும் வாசல் திறக்கும் ஊர்த்தெருவும் அதுவே. தொலைதூரச் சரக்கும் தெருவைக் கடக்கும் குழந்தையும் ஒரே தளத்தில் சந்திக்கும் அமைப்பு இது. 2023 ஆகஸ்டு 4 அன்று காலை, பெஹாலா சௌரஸ்தாவில் பள்ளிக்குச் சென்ற சிறுவன் ஒருவன் லாரி மோதி உயிரிழந்தான். மக்கள் சாலையை மறித்தனர். ஓட்டுநரின் பிழையும் காவலின் குறையும் அன்று பேசப்பட்டன. சாலையின் அமைப்பும் அவற்றோடு சேர்த்துப் பேசப்பட வேண்டியது.

ஒரே வழியை நம்பியிருப்பதன் விலையையும் பெஹாலா அறியும். 2018 செப்டம்பர் 4 அன்று மாஜேர்ஹாட் பாலம் இடிந்து மூவர் இறந்தனர். 2020 டிசம்பரில் புதிய பாலம் திறக்கப்படும்வரை, ஈராண்டுகளுக்கு மேலாக இப்பகுதி மக்கள் மாற்றுவழிகளில் சுற்றிச் சென்றனர்.

1986-இல் ஜோகா வரை நீட்டிக்கப்பட்ட டிராம், தனக்கென ஒதுக்கப்பட்ட தடத்தில் ஓடியது. மெட்ரோ பணிக்காக அத்தடம் அகற்றப்பட்டது. 2022 டிசம்பர் 30 அன்று ஜோகா – தாராதலா மெட்ரோ, சாலைக்கு மேலே தூண்களின்மீது ஓடத் தொடங்கியது. பயண நேரம் குறைந்தது. அது மெய்யான நன்மை. ஆயினும் தரையில் நடப்பவருக்கு அதனால் ஓர் அடி நிலமும் கூடவில்லை.

1957-இல் காலியான பட்டை வண்டிகளுக்குக் கிடைத்தது. டிராம் விட்ட பட்டை தூண்களுக்கும் வண்டிகளுக்கும் கிடைத்தது. இந்நகரில் மீண்டும் ஒரு பட்டை காலியாகும் நாள் வரும். அதன் முதல் உரிமை நடப்பவருக்கு உரியது என்பதை அந்நாள் வருமுன்பே எழுதி வைத்தாக வேண்டும்.