ஸ்டாக்கர்: பழுதான படச்சுருளிலிருந்து எழுந்த படம்

விண்கலங்களோ விந்தை இயந்திரங்களோ இல்லாத அறிவியல் புனைகதைப் படம் ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ (1979). காவலர்கள் சூழ்ந்த ‘மண்டலம்’ என்னும் தடைசெய்யப்பட்ட நிலம். அதன் நடுவே, நுழைபவரின் அடிமன ஆசையை நிறைவேற்றுவதாகச் சொல்லப்படும் ஓர் அறை. எழுத்தாளர், பேராசிரியர் என்று மட்டுமே அழைக்கப்படும் இருவரை அங்கே கள்ளத்தனமாக அழைத்துச் செல்கிறான் வழிகாட்டியான ஸ்டாக்கர். வாழ்வின் பொருளைத் தேடும் படம் என்று நாம் இதனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அத்தேடல் இப்படத்துக்குள் வந்து சேர்ந்ததற்குத் தனியே ஒரு வரலாறு உண்டு.

படத்தின் மூலம், அர்க்காதி, போரிஸ் ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் 1972இல் வெளியிட்ட ‘சாலையோரச் சிற்றுலா’ என்னும் நாவல். வேற்றுலகத்தார் வந்துசென்ற இடங்களில் அவர்கள் விட்டுப்போன பொருட்களைத் திருடி விற்பவர்களே அதில் வரும் ஸ்டாக்கர்கள். நாயகன் ரெட்ரிக் முரடன், சிறை கண்டவன். திரைக்கதையையும் சகோதரர்களே எழுதினர். தொடக்கத்தில் அதிலும் ஸ்டாக்கர் அத்தகையவனாகவே இருந்தான்.

தஜிகிஸ்தானின் இஸ்ஃபாராவில் படமாக்கும் திட்டத்தை 1977ஆம் ஆண்டின் நிலநடுக்கம் குலைத்தது. படக்குழு எஸ்தோனியா சென்று, தால்லின் நகருக்கு அருகே கைவிடப்பட்ட நீர்மின் நிலையங்களின் சுற்றுப்புறத்தில் படமெடுத்தது. மாஸ்கோவில் சுருள்கள் கழுவப்பட்டபோது வெளிப்புறக் காட்சிகளில் பெரும்பகுதி பயன்படாது என்று தெரிந்தது. பிழை யாருடையது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஒளிப்பதிவாளர் கியோர்கி ரெர்பெர்க் விலக்கப்பட்டார். 1978இல் தார்க்கோவ்ஸ்கிக்கு மாரடைப்பு ஏற்பட்டது. இரண்டு பாகப் படம் என்று திட்டத்தை மாற்றிய பிறகே, தொடர்ந்து படமெடுக்கப் பணம் கிடைத்தது.

இந்த இடைவெளியில்தான் ஸ்டாக்கர் உருமாறினான். தமக்கு வேறொரு ஸ்டாக்கர் வேண்டும் என்றார் இயக்குநர். சகோதரர்கள் திரைக்கதையை மீண்டும் எழுதினர். திருடன் போய் விசுவாசி வந்தான்.

நாவலின் முடிவில் ரெட்ரிக் தன் ஆசையைச் சொல்லிவிடுகிறான். படத்தில் வாசல்வரை வந்தவர்கள் நுழையாமல் நின்றுவிடுகிறார்கள். ‘முள்ளம்பன்றி’ என்ற பழைய வழிகாட்டியின் கதை அவர்களைத் தடுக்கிறது. மண்டலத்தில் தன்னால் இறந்த உடன்பிறந்தவனுக்காக அறைக்குப் போனவனுக்குப் பெருஞ்செல்வமே வந்து சேர்ந்தது, அவன் தூக்கிட்டுக்கொண்டான். வாய் கேட்டது ஒன்று, உள்ளம் வேண்டியது வேறொன்று. நம் அடிமன ஆசை இன்னதென்று நம்மில் யார் உறுதியாகச் சொல்வோம்?

தார்க்கோவ்ஸ்கி 1986 டிசம்பரில் பாரிஸில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். எழுத்தாளராக நடித்த சொலோனிட்சினையும் 1982இல் புற்றுநோயே கொண்டுசென்றது. படப்பிடிப்பு நடந்த ஆற்றின் இரசாயனக் கழிவே காரணம் என்று ஒலிப்பதிவாளர் ஷாருன் பின்னர் கூறினார், அது நிறுவப்படவில்லை.

திருடனுக்கு அறை ஓர் ஆதாயம். விசுவாசிக்கோ, பிறரை அழைத்துச் செல்லலாம், தான் நுழையலாகாது. வீடு திரும்பியதும், எவருக்கும் நம்பிக்கை இல்லையே என்று தரையில் கிடந்து குமுறுகிறான் அவன். சுருள் பழுதாகாதிருந்தால் நமக்கு நல்லதொரு சாகசப் படம் கிடைத்திருக்கலாம். இந்தக் குமுறல் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.