24 ஆண்டுகள் வேறு பெயரில் இருந்த வௌவால்

போடிநாயக்கனூர் என்றதும் எல்லோருக்கும் ஏலக்காய்தான் ஞாபகம் வரும். ஊருக்கு மேற்கே ஏலமலை சுவர் போல எழுந்து நிற்கும். கம்பம் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம், சின்னமனூருக்கு மேலே தெரிவது மேகமலை. வெள்ளைக்காரர்கள் அதை 'ஹை வேவி' என்றார்கள், நம் ஜனங்கள் வாயில் அது 'ஹைவேவிஸ்' ஆகிவிட்டது. அங்கே பிடிபட்ட ஒரு வௌவாலின் கதைதான் இது.

1940களின் கடைசியில் ஆங்கஸ் ஹட்டன் என்ற இளைஞர் மேகமலையில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்தார். தொழில்முறை விஞ்ஞானி இல்லை. ஆனால் அன்றாடம் எதிர்ப்படும் பாம்பு, எலி, வௌவால் எதையும் சும்மா விடமாட்டார்! அன்றைய இயற்கை ஆர்வலர் கையில் கேமராவை விட ஸ்பிரிட் பாட்டில்தான் அதிகம் இருக்கும். இன்று படிக்கும்போது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டில்கள் இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.

1949ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில், மதுரை மாவட்டத்து ஹைவேவி மலையின் பாம்புகள், பாலூட்டிகள் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் வெளிவந்தன (தேனி அப்போது தனி மாவட்டம் இல்லை). அவர் பிடித்த இரண்டு விரியன் குட்டிகளை வைத்து, அதே ஆண்டு மால்கம் ஸ்மித் என்ற பாம்பியல் அறிஞர் ஒரு புதிய குழிவிரியனை விவரித்து, அதற்கு ஹட்டனின் பெயரையே சூட்டினார்.

வௌவாலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1948ல் கர்தானா காபி எஸ்டேட்டில், சுமார் 750 மீட்டர் உயரத்தில், ஹட்டன் அதைப் பிடித்தார். ஊர்ப்பக்கம் சாதாரணமாகத் திரியும் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் என்றே அது பதிவானது. கழகத்தின் சேகரிப்பில் ஆயிரம் மாதிரிகளோடு அதுவும் ஒன்றாகக் கிடந்தது.

பிறகு தாய்லாந்தைச் சேர்ந்த கிட்டி தோங்லோங்யா என்ற விலங்கியலாளர் அந்த மாதிரியை எடுத்துப் பார்த்தார். வால் இல்லை. மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் வெட்டுப்பற்கள் ஒரு ஜோடி மட்டுமே. சாதாரண வௌவாலுக்கு இரண்டு ஜோடி இருக்கும். அதாவது இது புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே! 1972ல் அதை விவரித்து, லாட்டிடென்ஸ் சலிமலீ என்று பறவை அறிஞர் சாலிம் அலியின் பெயரை வைத்தார். லாட்டிடென்ஸ் என்றால் அகன்ற பல். (கிட்டி 1974ல் காலமானார். சுமார் 2 கிராம் எடையுள்ள குட்டி வௌவால் ஒன்றுக்கு அதே ஆண்டு அவர் பெயரே வைக்கப்பட்டது.)

பிடித்தவர் பிரிட்டிஷ்காரர், கண்டுபிடித்தவர் தாய்லாந்துக்காரர், பெயர் பம்பாய்க்காரருடையது. மலையில் தலைமுறைகளாக வாழும் பளியர்கள் இந்த வரலாற்றில் எங்குமே இல்லை. எனக்கு இது உறுத்தலாகவே இருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. அதே 1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வௌவால்களைக் காகம், எலியோடு சேர்த்து தீங்கு செய்யும் பிராணிகள் பட்டியலில் வைத்தது. யார் வேண்டுமானாலும் கொல்லலாம்! சாலிம் அலி வௌவால் பல ஆண்டுகள் கழித்தே முதல் அட்டவணைக்குப் போனது. அதற்கிடையில் அந்த ஒரே ஒரு மாதிரியைத் தவிர யாரும் அதை உயிரோடு பார்க்கவில்லை. 1993ல்தான் மேகமலையில் மறுபடி கிடைத்தது. பிறகு பெரியாறு, களக்காடு-முண்டந்துறை பக்கமும் பதிவானது. இன்றும் அழியும் ஆபத்திலுள்ள இனம்தான்.

மேகமலை 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. ஆனால் இந்த வௌவால் காட்டுக்குள் மட்டும் இருப்பதில்லை. குகையில் தங்கி, காட்டு அத்தி போன்ற பழங்களைத் தின்று வாழும் இது, காடும் காபி, ஏலத் தோட்டங்களும் கலந்த சரிவுகளில்தான் பறக்கிறது. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும் என்பதற்காக விட்டுவைத்த பழைய மரங்கள்தான் அங்கே அதற்குக் காடு.