மருத்துவர் தகுதிச் சரிபார்ப்பும் செயலுரிமையும்

மருத்துவமனையில் பணிக்கு வரும் மருத்துவரின் பட்டம், கவுன்சில் பதிவு, பயிற்சி, அனுபவம் ஆகியவை மெய்தானா என்று அவற்றை வழங்கிய இடத்திலேயே கேட்டு உறுதிசெய்வது தகுதிச் சரிபார்ப்பு. அவர் அங்கே எந்தச் சிகிச்சையைத் தனித்துச் செய்யலாம், எதை மூத்தவர் உடனிருக்கச் செய்யலாம், எதில் கைவைக்கக் கூடாது என்று எழுத்தில் வரையறுப்பது செயலுரிமை வழங்கல். மருத்துவமனை அலுவலகங்களில் ‘கிரெடென்ஷியலிங்’, ‘பிரிவிலேஜிங்’ என்றே இவை புழங்குகின்றன. முதலாவது ஆளைப் பற்றியது. இரண்டாவது அவர் செய்யும் வேலையைப் பற்றியது. பிரெஞ்சு, இந்தியச் சட்டங்கள் இரண்டின் கீழும் மருத்துவர்களைக் கண்ட ஊர் என்பதால் இந்த வரலாற்றில் புதுச்சேரிக்குத் தனி இடம் உண்டு.

தமிழகத்தில் மருத்துவ வேலைப் பிரிவினைக்குப் பழைய சான்று ஒன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் இருக்கிறது. வீரராசேந்திர சோழன் (1063–1070) காலக் கல்வெட்டு ஒன்று, அவ்வூர்ப் பெருமாள் கோயிலைச் சார்ந்த 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையைக் குறிப்பிடுகிறது. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை (அறுவை) செய்பவர் ஒருவர், மருந்து சேகரிப்போர் இருவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர் என்று அவரவர் வேலை பிரித்துச் சொல்லப்படுகிறது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். மருந்து கொடுப்பவரும் கத்தி எடுப்பவரும் வேறு வேறு ஆட்கள் என்பதைக் கோயில் நிர்வாகம் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. அவர்களின் கல்வியை யார் சோதித்தார்கள் என்ற பேச்சு அதில் இல்லை.

அதன்பின் மதராஸ் வழியாக வந்த மேனாட்டு மருத்துவத்தில் குறிப்பிடத்தக்கவை 1664இல் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கிய மருத்துவமனையும் 1835இல் உருவான மதராஸ் மருத்துவப் பள்ளியும்.

புதுச்சேரியின் கதையோ பாரிஸில் தொடங்குகிறது. 1803 மார்ச் 10ஆம் நாள் பிரெஞ்சுச் சட்டம் மருத்துவர்களை இரண்டு அடுக்காக்கியது. மேலடுக்கில் இருந்த டாக்டர் நாட்டில் எங்கும் தொழில் செய்யலாம். கீழடுக்கில் இருந்த ‘ஒஃபிசியே த சாந்தே’ தாம் தேர்வு எழுதிய மாவட்டத்தைத் தாண்டக் கூடாது; டாக்டர் இருக்கும் இடத்தில் அவரது மேற்பார்வை இல்லாமல் பெரிய அறுவை சிகிச்சை செய்யக் கூடாது. இன்றைய மருத்துவமனைகள் செயலுரிமைப் படிவத்தில் எழுதும் ‘மேற்பார்வையில் மட்டும்’ என்ற நிபந்தனையின் கரு அன்றே சட்டத்தில் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஒரே வேறுபாடு: அன்று வரம்பு விதித்தது அரசு, இன்று மருத்துவமனை.

இந்த இரண்டடுக்கு முறை கடல் கடந்து காலனிகளுக்கும் வந்தது. புதுச்சேரி மருத்துவப் பள்ளியான ‘எக்கோல் த மெத்சின்’ தொடங்கிய ஆண்டு பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அதன் வழிவந்த ஜிப்மர் மருத்துவக் கல்வி நிறுவனம் தன் தொடக்கத்தை 1823 என்று குறிக்கிறது. பிரெஞ்சுக் காலனி மருத்துவ வரலாற்றை எழுதியோர் பலர் 1863 என்பர். முன்னதை மருத்துவக் கல்வியின் தொடக்கமாகவும் பின்னதை முறையான பள்ளியின் தொடக்கமாகவும் கொண்டால் இரண்டும் பொருந்தக்கூடும். பிந்திய ஆண்டையே ஏற்றாலும், அந்தனநாரிவோ (1896), ஹனோய் (1902), தக்கார் (1918) பள்ளிகளுக்கு முன்பே பிரெஞ்சுக் காலனிகளில் உள்ளூர் மக்களுக்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்த பள்ளி இது. இங்கே பெறும் பட்டம் பிரான்சின் டாக்டர் பட்டத்துக்கு நிகரானதாக வைக்கப்படவில்லை. 1892 நவம்பர் 30ஆம் நாள் சட்டத்தால் பிரான்ஸ் தன் மண்ணில் கீழடுக்கை ஒழித்தது. அதற்குப் பின்னும் காலனிகளில் உள்ளூர்ப் பட்டம் உள்ளூர்ப் பட்டமாகவே தொடர்ந்தது.

எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் மதராஸில் 1914ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவர் பதிவேட்டைக் கொண்டுவந்தது. லண்டன் பொது மருத்துவக் கவுன்சில் 1930இல் இந்தியப் பட்டங்களுக்கு அங்கீகாரம் மறுத்தது. அந்த அவமதிப்பின் சூட்டில்தான் 1933ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்தது. ஒரே தரத்தில் ஒரே அடிப்படை மருத்துவர் போதும் என்று 1946இல் போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழு பரிந்துரைத்தது.

புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தபோது, அந்த ஊர்ப் பட்டம் பெற்றவர்கள் இனி யார் என்ற கேள்வி எழுந்தது. 1956 மே 28இல் கையெழுத்தான இணைப்பு ஒப்பந்தம் அதற்கும் இடம் ஒதுக்கியது. அங்கு பெற்ற சட்ட, மருத்துவப் பட்டங்களை இந்தியா ஏற்கும். ஆனால் மருத்துவப் பட்டம் உள்ளூர்த் தன்மை கொண்டதாகவே இருக்கும். 1803இல் ஒரு மாவட்டத்துக்குள் அடைத்த அதே தர்க்கம், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் இரு அரசுகளின் ஒப்பந்தத்திலும் தலைகாட்டியது. 1956இலேயே பள்ளி தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1964இல் எல்லையோரக் கோரிமேட்டில் ஜவஹர்லால் நேருவின் பெயர் தாங்கி ஜிப்மர் எழுந்தது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம்.

பதிவேடு வைப்பது அரசின் வேலை, செயலுரிமை வரையறுப்பது மருத்துவமனையின் வேலை என்ற பிரிவினை அமெரிக்காவில் முதிர்ந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி 1918இல் 692 பெரிய மருத்துவமனைகளை ஆய்ந்ததில், குறைந்தபட்சத் தரத்தை எட்டியவை 89 மட்டுமே. எட்டாதவற்றில் புகழ்பெற்றவையும் இருந்ததால், பட்டியல் பத்திரிகைகளுக்குக் கிடைக்காதபடி நியூயார்க் ஓட்டல் ஒன்றின் உலையில் எரிக்கப்பட்டதாகச் சொல்வர். தன் கூரையின் கீழ் நடக்கும் சிகிச்சைக்கு மருத்துவமனையும் பொறுப்பு என்பதை இல்லினாய் நீதிமன்றம் 1965இல் டார்லிங் வழக்கில் நிலைநாட்டியது. பித்தப்பையை லேப்ராஸ்கோப்பி மூலம் எடுக்கும் முறை வேகமாகப் பரவி விபத்துகள் கூடியபோது, உரிமை பெறுமுன் 15 அறுவைகளை மேற்பார்வையில் செய்திருக்க வேண்டும் என்று 1992இல் நியூயார்க் மாநிலம் அறிவுறுத்தியது. அறுவை சிகிச்சைப் பட்டம் பெற்றவருக்கும் புதிய கருவி புதிதுதான் என்பதை அதற்குமேல் தெளிவாகச் சொல்ல முடியாது.

இந்தியாவில் இந்தத் திசையில் முதலில் தள்ளியவை நீதிமன்றங்கள். 1995இல் சாந்தா வழக்கின் தீர்ப்பு கட்டண மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. தாம் பயிலாத மருத்துவ முறையில் மருந்து கொடுப்பதே கவனக்குறைவு என்று 1996இல் பூனம் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2005இல் அமைந்த என்.ஏ.பி.ஹெச். என்ற தரச்சான்று வாரியம் தகுதிச் சரிபார்ப்பையும் செயலுரிமையையும் மனிதவளத் தரங்களில் சேர்த்தது.

நடைமுறை எளிமையானது, பொறுமை வேண்டும். விண்ணப்பதாரரின் கோப்பில் பட்டச் சான்று, கவுன்சில் பதிவு, அது புதுப்பிக்கப்பட்ட தேதி, செய்த அறுவைகளின் பதிவு ஆகியவை சேரும். மருத்துவமனையின் குழு கூடி முடிவெடுக்கும். பின் ஒவ்வொரு சிகிச்சைக்கும் எதிரே ‘தனித்து’, ‘மேற்பார்வையில்’, ‘இல்லை’ என்று குறித்த தாள் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும். பட்டியலில் இல்லாத அறுவைக்குத் தேதி கேட்டால் தியேட்டர் பொறுப்பு நர்ஸ் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். மொத்த ஏற்பாட்டின் உயிர் அந்த நர்ஸின் கையில் இருக்கும் ஒற்றைத் தாள்.

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் செல்லும் சாலையில் உள்ள மூலக்குளம் போன்ற நகரோரப் பகுதிகளின் தனியார் மருத்துவமனைகளுக்கு இது கூடுதல் வேலை. காலையில் ஓரிடம், மாலையில் வேறிடம் என்று வந்துபோகும் விசிட்டிங் டாக்டர்களை நம்பி நடக்கும் மருத்துவமனை, ஒவ்வொருவருக்கும் தானே செயலுரிமை முடிவு செய்ய வேண்டும். பக்கத்து மருத்துவமனை தந்த உரிமை இங்கே செல்லாது. கருவிகளும் உதவியாளர்களும் தீவிரச் சிகிச்சை வசதியும் இடத்துக்கு இடம் மாறுபவை.

அரசின் பதிவேட்டு வேலையும் மாறியது. 2020 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் பழைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்துக்கு வந்தது. 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவப் பதிவேட்டுக்கான இணையவாசல் திறந்தது.

2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைப் பார்க்கும் நோயாளி, அறுவைக்குக் கையெழுத்திடும் முன் இன்னொன்றையும் கேட்கலாம்: இந்த அறுவையைத் தனித்துச் செய்ய இந்த மருத்துவமனை இவருக்கு எழுத்தில் உரிமை தந்திருக்கிறதா?