ஏட்டில் தங்காத மெட்டு

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் பாட்டுக் கட்டுவது நெடுங்காலமாகவே வீட்டிலும் கோயிலிலும் தனியாள் ஒருவரால் ஆகக்கூடிய காரியமாக இருந்தது. கட்டிய பாட்டின் மெட்டை அழியாமல் வைத்திருப்பதுதான் யாருக்கும் கைவராத வேலை. இதற்கு மிகப் பழைய சான்று, தேவாரம் மீட்கப்பட்ட கதையிலேயே கிடைக்கிறது. பதினான்காம் நூற்றாண்டின் உமாபதி சிவாச்சாரியார் பெயரால் வழங்கும் திருமுறை கண்ட புராணத்தின்படி, தில்லை எனப்படும் சிதம்பரத்தின் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையில் கரையான் அரித்தது போக எஞ்சிய ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டபோது, அவற்றில் சொற்கள் இருந்தன. அவற்றைப் பாடும் பண், அதாவது பாடலுக்குரிய இசை ஒழுங்கு, எப்படி ஒலித்தது என்று அறிய வழியில்லை. அதனால் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் திருஎருக்கத்தம்புலியூரிலிருந்து தில்லைக்கு வரவழைத்துப் பண் அமைக்கச் செய்தனர் என்கிறது புராணம். அவ்வூர், இன்று விருத்தாசலத்தை அடுத்துள்ள இராசேந்திரப்பட்டினம். புராணத்தை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை என்றாலும், மெட்டு என்பது ஒரு குடும்பத்தின் தொண்டையில் காக்கப்படும் பொருள் என்று அக்காலத்தவர் கருதியதை அது ஐயமின்றிக் காட்டுகிறது.

பிற்காலத்தில் சீர்காழியிலிருந்து வந்து தில்லை நடராசரைப் பாடிய முத்துத்தாண்டவர், அன்றன்று கோயிலில் முதலில் காதில் விழும் சொல்லையே தொடக்கமாக வைத்துப் பாடல் செய்தார் என்பது மரபுச் செய்தி. எடுப்பாக வந்து ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் திரும்பிவரும் பல்லவி, அதை விரிக்கும் அனுபல்லவி, பொருளை வளர்க்கும் சரணம் என்ற கீர்த்தனை அமைப்பை முதலில் கையாண்டவர்களுள் அவர் ஒருவர். மேற்கத்திய பாப்-ராக் பாடலிலும் திரும்பிவரும் பகுதி உண்டு. ஆனால் அங்கே அது பெரும்பாலும் சரணத்தின் பின்னரே வந்து சேரும். அருணாசலக் கவிராயர் (1711–1779) இராம நாடகத்துக்குச் சொற்களை எழுத, இசை தெரிந்த மாணவர் இருவர் மெட்டமைத்தனர். இன்று பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்று பிரித்துப் பேசப்படும் வேலைப் பங்கீடு அன்றே சீர்காழியில் நடந்திருக்கிறது.

அச்சு வந்தபின்னும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. பாடலின் தலைப்பில் இராகத்தையும் தாளத்தையும் குறித்தால் போதும் என்று பதிப்பித்தவர்கள் எண்ணினர். ஓர் இராகத்தில் எத்தனையோ மெட்டுகள் அமையலாம் என்பதால், பாடுவோர் மரபு அற்றதும் மெட்டும் போயிற்று. 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1941இல் நடந்த தமிழிசை மாநாட்டையடுத்துத் தமிழ்ப் பாடல்களைச் சுரக்குறிப்புடன் தொகுதிகளாக வெளியிட்டது. ஆனால் முத்துத்தாண்டவர், அவரைப் போலவே கீர்த்தனை செய்த தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோரின் பாடல்கள் பலவற்றுக்கு இருபதாம் நூற்றாண்டினரே புதிதாக இசையமைக்க வேண்டியிருந்தது. இன்று மேடையில் கேட்கும் முத்துத்தாண்டவர், பாதி முத்துத்தாண்டவர்தான்.

ஒலியையே பிடித்துவைக்கும் கருவி இந்தியாவுக்கு வந்து, 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் நிறுவனம் பதிவைத் தொடங்கிய பின்னும், கருவி நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. பாடுபவர் அதைத் தேடிச் செல்ல வேண்டும், தட்டின் ஒரு பக்கம் தாங்கும் மூன்று நிமிடங்களுக்குள் பாட்டைச் சுருக்கவும் வேண்டும். பாப் பாடலின் அளவு இன்றும் பெரும்பாலும் அந்த மூன்று நான்கு நிமிடங்களிலேயே நிற்பதற்கு அப்பழக்கமும் ஒரு காரணம். கேசட் ரெக்கார்டர் வீட்டுக்குள் வந்தபோது மெட்டை அங்கேயே பதியும் வசதி கிடைத்தது. இருப்பினும் எல்லா ஒலியும் ஒன்றாகக் கலந்தே பதிவாகும்; ஒரு சுரம் பிசகினாலும் முதலிலிருந்து பாட வேண்டும். 1979இல் டாஸ்காம் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ, ஒரே கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதிய இடம் தந்தது. முதல் தடத்தில் கிதாரைப் பதிந்து, அதைக் காதில் கேட்டுக்கொண்டே அடுத்த தடத்தில் பாடலாம் என்பதால், ஒருவரே ஒரு குழுவாக ஒலிக்க முடிந்தது. தமிழில் வீட்டிலேயே பதிவதன் விளைவைப் பலரும் அறிய வைத்தவர் ஏ.ஆர். ரகுமான். கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி அவர் அமைத்த பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்தே 1992இன் 'ரோஜா' பாடல்கள் வெளிவந்தன.

கணினி பரவியபின், அத்தனை செலவின்றி ஓர் ஒலிவாங்கியும் ஒரு மென்பொருளும் கொண்டு கடலூரில் மாடியறையிலிருந்தே அவ்வேலையைச் செய்யலாம். சிமெண்ட் சுவர் எதிரொலிக்கும் என்பதால் போர்வை தொங்கவிடுவதும், மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்தபடி பாடுவதும், மார்கழி அதிகாலையின் ஒலிபெருக்கிகளுக்கு முன்பே பதிவை முடித்துவிடுவதும் அனுபவத்தில் கற்கும் பாடங்கள். வேலை நடக்கும் வரிசையும் மாறியிருக்கிறது. தாளத்தை எண்ணித் தரும் கிளிக் ஒலியை முதலில் ஓடவிட்டு, கிதாரைப் பதிந்து, 'தன்னானே' என்றோ 'லாலா' என்றோ மெட்டைப் பாடி வைத்துவிட்டு, சொற்களைக் கடைசியில் பொருத்துவது இன்று பரவலான வழக்கம். தில்லை ஏடுகளில் சொல் நின்றது, மெட்டு போயிற்று. இப்பதிவுகளில் மூச்சுவிடும் ஒலிகூட மிஞ்சுகிறது, பாடல் வரிகளை மட்டும் பலரும் தனியே எழுதி வைப்பதில்லை.